இரவு பத்து வரை திறந்திருக்கும்

ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் நாற்பது நொடி.
இடப்பக்கம் ஒரு நிறுவனத்தின் விடை,
வலப்பக்கம் இன்னொன்றினது.
எது யாருடையது என்று சொல்லமாட்டார்கள்,
சொன்னால் நான் பக்கம் சாய்ந்துவிடுவேனாம்.
வின்னிப்பெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
சாய்வதென்றால் ஹீட்டர் பக்கம்தான்.

தேடுதல் என்ற சொல்
எனக்கு முதலில் விடியற்காலைச் சப்பாத்துச் சத்தம்.
இப்போது மணிக்குப் பதினாலு டொலர்.

குகதாசன் லொறியோடு பிராண்டன் போயிருக்கிறார்.
குசினி மேசையில் மடிக்கணினி, ஆறிய தேத்தண்ணி,
ஊர்பேர் தெரியாதவர்களின் கேள்விகள்:
நிலக்கீழ் அறைக்கு யன்னல் எத்தனை அங்குலம் இருந்தால் சட்டம்.
உறைந்த குழாய்க்கு முடி உலர்த்தி பிடிக்கலாமா.
அவள் ‘சரி’ என்று மட்டும் எழுதினால் என்ன அர்த்தம்.
இதற்கு இடம் பதினொரு சுட்டி தந்தது,
வலம் ஒரு பூச்சாடி விளம்பரம்.
இடம் சற்று நன்று என்று குத்திவிட்டு
அந்தச் ‘சரி’யை நினைத்து நாற்பது நொடி வீணாக்கினேன்.

தை மாதத்திலிருந்து வலப்பக்கம் பட்டியல் இல்லை.
ஒரு பத்தி வருகிறது.
பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போலப் பேசுகிறது,
நடுவில் மூச்சு வாங்குவதில்லை.
தெரியாது என்ற சொல்லை
அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
வாக்கிய முடிவில் சின்னச் சின்ன எண்கள்,
சாட்சிகளாம்.

அடிமுடி தேடிப் போன இருவரை எனக்குத் தெரியும்.
பன்றியாய் மண்ணைக் கிண்டியவர்
காணவில்லை என்று சேறோடு திரும்பினார்.
அன்னமாய்ப் பறந்தவர்தான்
கண்டேன் என்றார்,
அலகில் தாழம்பூ.

நேற்றிரவு வந்த கேள்வி:
எலிஸ் அவென்யூ டோலின்சக் மருந்துக்கடை
இப்போது திறந்திருக்கிறதா.

வலம்: ஆம், இரவு பத்து வரை திறந்திருக்கும்.
பணியாளர்கள் அன்பானவர்கள்.
சாட்சி ஒன்று, இரண்டு, மூன்று.
இடம்: ஏழு நீல வரிகள். ஐந்தாவதில் யாரோ கோபமாக,
பூட்டி ஒன்றரை வருசமாச்சு.

அந்த அன்பான பணியாளர்களில் ஒருத்தி நான்.
கடைசி நாள் இருமல் மருந்தை எண்ணிப் பெட்டியில் அடுக்கினோம்.
சாவியை எங்கே வைத்தார் டோலின்சக் என்று
மூன்று பேர் ஒரு மணிநேரம் தேடினோம்.
அவர் கையிலேயே இருந்தது.
யன்னலைத் துடைத்தால்
இப்போதும் எதிரே தெரியும் அந்த ஷட்டர்.

இடம் மிக நன்று.
காலையில் கடிதம்:
உங்கள் முடிவு பெரும்பான்மையோடு ஒத்துப்போகவில்லை.
துல்லியம் எண்பத்தொன்றாக இறங்கியிருக்கிறது.
மற்ற நால்வர் எங்கே இருப்பார்கள்?
மணிலா, நைரோபி, வெயில் விழும் ஏதோ அறை.
அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.
அவர்களுடைய யன்னலில் எலிஸ் அவென்யூ தெரியாது.

இன்று எட்டே முக்காலுக்கு ஒரு கார் வந்து நின்றது.
இறங்கியவன் ஷட்டரைப் பார்த்தான், போனைப் பார்த்தான்,
ஷட்டரைத் தட்டினான்.
காருக்குள் விளக்கு எரிந்தது.
பின் இருக்கையில் ஒரு பிள்ளை இருமியது,
சத்தம் வரவில்லை, தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

குளிருக்கு ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்து
யன்னலைத் திறந்து
வாயில் வந்த ஆங்கிலத்தில் கத்தினேன்:
மூடியாச்சு! ஆர்லிங்டன் மூலைக்குப் போ,
பதினொன்று வரைக்கும்!
பின்பக்கத்தால் போ, முன்கதவு உறைந்தால் திறக்காது!

மேசையில் கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது,
ஒன்று நாற்பது, ஒன்று முப்பத்தொன்பது.
அவன் நிமிர்ந்து பார்த்தான்,
ஒரு கையை உயர்த்தினான்.
பிறகு கையுறையைப் பல்லால் கழற்றி
நான் சொன்னது சரிதானா என்று
போனில் தேடினான்.